சர்க்கஸ் மாயக் குடும்பக் கதையைக் குழந்தைகளுக்கு ஒலிநூலாக்குவது எப்படி?

ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸ். அதில் மாயம் தெரிந்த ஒரு குடும்பம். பாட்டி நிழலைப் பிடித்துச் சுருட்டிப் பெட்டியில் வைப்பாள். அம்மா கம்பி மேல் கால் வைத்ததும் அவளுக்கு எடையே இருக்காது. மகள் கயலுக்கும் தம்பி முத்துவுக்கும் என்ன வரும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு கதை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே மைக் முன்னால் படித்துவிட்டால் ஒலிநூல் ஆகிவிடாது. குழந்தைக்குப் படம் கிடையாது. பாதி நேரம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடிதான் கேட்கும். சர்க்கஸோ முழுக்க முழுக்கக் கண்ணுக்கான கலை. அதைக் காதுக்கு மாற்றுவதில்தான் வேலையே இருக்கிறது. விலை உயர்ந்த மைக் இல்லாததால் கெட்டுப்போன ஒலிநூல்கள் குறைவு. நீள நீளமான வாக்கியங்களாலும், மாயம் வரும் இடமெல்லாம் போட்ட மணிச் சத்தத்தாலும் கெட்டவைதான் அதிகம்.

எழுத்தைக் காதுக்கு மாற்றுதல்

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். கண்ணால் படிக்கும்போது இது தொந்தரவே இல்லை. காதால் கேட்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு, வினை வருவதற்குள் முன்பாதி மறந்துபோகும். ஓர் எடுத்துக்காட்டு:

"கூடாரத்தின் உச்சியில் கட்டப்பட்டிருந்த கம்பியின் மீது ஏறி நின்ற அம்மா, கீழே கூடியிருந்த மக்களைப் பார்த்தவாறே தன் வலது காலை மெதுவாக எடுத்து வைத்தாள்."

இதை ஒலிக்காக இப்படி மாற்றலாம்:

"அம்மா கம்பியில் ஏறி நின்றாள். கூடாரத்தின் உச்சி. கீழே பார்த்தாள். எத்தனை தலைகள்! வலது காலை எடுத்து வைத்தாள். மெதுவாக."

முதல் வாக்கியத்தில் மூச்சு விட இடம் இல்லை, ஏறி நிற்பது அம்மா என்பதே பாதியில்தான் தெரிகிறது. இரண்டாவதில் ஒவ்வொரு புள்ளியிலும் குழந்தை ஒரு படம் பார்த்துவிடும். கதை முழுவதையும் இப்படித் துண்டாக்கினால் தந்தி படிப்பது போலாகிவிடும். செயல் நடக்கும் இடத்தில் மட்டும் வாக்கியத்தை உடையுங்கள். பாட்டி பழங்கதை சொல்லும் இடத்தில் வாக்கியம் நீளலாம், குரல் அதைத் தாங்கும்.

உரையாடலிலும் இதே சிக்கல் உண்டு. "..." என்று பாட்டி சொன்னாள் என எழுதுவது நம் வழக்கம். பேச்சு மூன்று வரி நீண்டால், பேசியது பாட்டி என்று குழந்தைக்குக் கடைசியில்தான் தெரியும். பேச்சு ஒரு வரிக்கு மேல் போனால் பெயரை முன்னால் கொண்டு வாருங்கள்: "பாட்டி பெட்டியைத் திறந்தாள். 'இங்க வா, இது யாரோட நிழல்னு சொல்லு பாக்கலாம்.'" செயலே பேசுபவரைக் காட்டிவிடுகிறது, 'என்றாள்' தேவையே இல்லை.

கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். 'சென்றான்' வேண்டாம், 'போனான்' போதும். 'மீண்டும்' கேட்க நன்றாக இருக்கும், 'மறுபடியும்' இன்னும் நன்றாக இருக்கும். கதைசொல்லி பாட்டியைச் 'சொன்னாள்' என்பதா, 'சொன்னார்' என்பதா என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் சரிதான். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் மாறினால் குழந்தைகள் உடனே கண்டுபிடிப்பார்கள். வட்டார வழக்கைப் பொறுத்தவரை, படிப்பவருக்குச் சொந்தமான வழக்கில் பேசுவதே நல்லது. கோவைக்காரர் நெல்லைத் தமிழை வரவழைத்துப் பேசினால் முதல் இரண்டு வரி தாங்கும், மூன்றாவது வரியில் நடிப்பு வெளியே தெரியும்.

படிக்கும் பிரதியில் இடறும் சொற்களைக் குறித்து வையுங்கள். சர்க்கஸ் கதையில் பெரிய வில்லன் 'பார்', அதாவது வித்தைக்காரர்கள் தொங்கி ஆடும் கம்பி. 'பார் மேல் தொங்கினான்' என்று திடீரென வந்தால், படிப்பவர் 'இதோ பார்' என்கிற உச்சரிப்பில் தொடங்கித் தடுமாறுவார். 'ஊஞ்சல் பார்' என்று மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்தது. ல, ள, ழ அடுத்தடுத்து வரும் வரிகளைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். குழந்தை இந்த ஒலிகளைப் பழகுவது உங்கள் குரலைக் கேட்டுத்தான்.

குழந்தைகளுக்குப் படிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் போகும். ஒரு பக்கத்தை உரக்கப் படித்து உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். அத்தியாயம் 8 முதல் 12 நிமிடம் இருந்தால் நல்லது, அதாவது 800 முதல் 1,200 சொற்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றால், அத்தியாயத்தை ஆபத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் குழந்தை தூங்கப் போகிறது.

சர்க்கஸ் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டியவை

மாயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், அதைச் சுற்றியுள்ள சர்க்கஸ் நிஜமாக இருக்க வேண்டும். ஆட்டக்களத்தின் வட்டம் 42 அடி விட்டம், சுமார் 13 மீட்டர். லண்டனில் 1768-இல் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லியின் வழியில் நிலைத்துவிட்ட அளவு இது. ஓடும் குதிரையின் முதுகில் ஒருவர் நிமிர்ந்து நிற்க இந்த வட்டம் தோதாக இருக்கிறது. கதையில் கயல் வட்டத்தை ஒரு சுற்று ஓடினால், ஏறத்தாழ 40 மீட்டர் ஓடியிருப்பாள். காலடிச் சத்தத்தை எத்தனை நொடி போடுவது என்பது இந்தக் கணக்கில் வந்துவிடும்: குழந்தை ஓட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி.

இந்திய சர்க்கஸின் வரலாறு விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் மும்பையில் தொடங்கிய கிரேட் இந்தியன் சர்க்கஸிலிருந்து வருகிறது. கலைஞர்களைத் தந்த ஊர் என்றால் கேரளத்தின் தலச்சேரி. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கே 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அதனால் கூடாரத்துக்குள் மலையாளம் கேட்பது இயல்பு. முத்து, கம்பி வித்தைக்காரரைச் 'சேட்டா' என்று கூப்பிட்டால் அந்த ஒரு சொல்லே இடத்தைக் காட்டிவிடும். அதற்கு மேல் போய், உச்சரிப்பை வைத்துக் கேலி செய்யும் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

கதை இன்றைய காலத்தில் நடந்தால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கவனியுங்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்த 1998-இல் மத்திய அரசு தடை போட்டது, உச்ச நீதிமன்றம் 2001-இல் அதை உறுதி செய்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஆகவே இன்றைய கதையில் கயல் காசு கொடுத்து வந்த கூட்டத்தின் முன் ஊஞ்சலில் தாவக் கூடாது. இது கதைக்கு லாபம்தான். அவளுடைய மாயம் காட்சி முடிந்தபின், காலிக் கூடாரத்தில், நாற்காலிகளுக்கு நடுவே நடக்கட்டும். காலிக் கூடாரம் காதுக்கு மிக அழகான இடம். புலி வேண்டும் என்றால், பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் பழைய புலியின் நிழல் வரட்டும்.

குரல்கள்

ஒருவரே எல்லாப் பாத்திரங்களையும் பேசும்போது, ஆளுக்கொரு வேடிக்கைக் குரல் வைப்பதுதான் பலரும் செய்வது. இரண்டாம் அத்தியாயத்துக்குள் தொண்டை கட்டிவிடும், மூன்றாவதில் பாட்டியும் மேனேஜரும் ஒரே குரலாகிவிடுவார்கள். குரலின் உயரத்தை மாற்றுவதைவிட வேகத்தையும் மூச்சையும் மாற்றுவது எளிது, நீடித்தும் நிற்கும். பாட்டி ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் அரை நொடி தாமதிப்பாள். அப்பா வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இறக்கிவிடுவார். கயல் விறுவிறு. முத்து பாதி மூச்சில் தொடங்கி, நடுவில் மூச்சு வாங்குவான். அம்மா கதைசொல்லியின் இயல்புக் குரலுக்கு மிக அருகில் இருக்கட்டும், அவளுக்குத்தான் வசனம் அதிகம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பத்து நொடி குரல் மாதிரி பதிந்து தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் பதிவு தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டுவிட்டு உட்காருங்கள். மென்பொருளில் குரலை உயர்த்திக் குழந்தைக் குரலாக்குவது வேலைக்காகாது, பொம்மை பேசுவது போல் கேட்கும்.

நிஜக் குழந்தை பேசுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் ராகம் வந்துவிடும். நிலைமையைச் சொல்லி, வரியை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிக்காட்டி, அதன் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். சொல் கொஞ்சம் மாறினால் மாறட்டும்.

அறை, மைக், அளவுகள்

துணி நிறைந்த சின்ன அறை போதும். பீரோவைத் திறந்து வைத்து, அதிலுள்ள புடவைகளைப் பார்த்தபடி பேசலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். பலர் முன்பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் பின்சுவரை மறந்துவிடுகிறார்கள், குரல் அதில் பட்டுத்தான் மைக்குக்குத் திரும்பி வருகிறது.

மின்விசிறியை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. வியர்த்தால் 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வாருங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், வெளியே கிளம்பும்போது மறக்காமல் போடுவீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் 'ம்ம்ம்' என்ற மின் ரீங்காரம் பெரும்பாலும் போய்விடும். நேரம் இரவு பத்தரைக்கு மேல் வசதி. விடியற்காலை அமைதி என்று நம்பி உட்கார்ந்தால் ஒலிபெருக்கியும் காக்கையும் சேர்ந்து வரும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். 'ப', 'ட' ஒலிகளின் காற்று அப்போது மைக்கில் நேரடியாக மோதாது. பதிவு மோனோ (ஒற்றைத் தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சாதாரணப் பேச்சின் உச்சம், மென்பொருளின் ஒலியளவுக் காட்டியில், -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும். ரிங் மாஸ்டர் "வருக! வருக!" என்று கத்தும் வரிகளைத் தனியாக எடுத்து வைத்து, ஒரே மூச்சில், இரண்டு சாண் தள்ளி நின்று, ஒலியளவைக் குறைத்துப் பதியுங்கள். கதையின் போக்கிலேயே கத்தினால் அலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது.

வாயில் 'சப், சப்' என்று கேட்டால் தண்ணீர் குறைவு என்று அர்த்தம். அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை அடிக்கடி குடியுங்கள், புளிப்பான ஆப்பிள் ஒரு துண்டு கடித்தாலும் வாய் சுத்தமாகும். பதிவுக்கு முன் பாலும் தயிரும் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் அமைதியைப் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் இதுதான் இடைவெளியை நிரப்பும். முழு மௌனத்தை வைத்தால் காது அடைத்துக்கொண்டது போல் இருக்கும்.

கூடாரத்தின் ஒலி

கூடாரம் என்றதும் குரலுக்குக் கல்யாண மண்டப எதிரொலி போடுவது எல்லோரும் செய்யும் பிழை. துணிக்கூடாரம் அவ்வளவாக எதிரொலிக்காது, துணி ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், மிச்சத்தை வெளியே விட்டுவிடும். கூடாரத்தில் 'பெரிய இடம்' என்ற உணர்வைத் தருவது ஒலிபெருக்கிதான். ரிங் மாஸ்டரின் குரலில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள், குழாய் ஒலிபெருக்கி வந்துவிடும். அதையே 100 மில்லிநொடி தள்ளி, மெலிதாக இன்னொரு முறை ஒலிக்கவிடுங்கள். இரண்டாவது குழாய் தூரத்தில் இருப்பது போல் கேட்கும். அம்மாவும் கயலும் பேசும்போது எந்த எதிரொலியும் வேண்டாம்.

மற்ற ஒலிகளை வீட்டிலேயே செய்யலாம். குதிரைக் குளம்புக்கு இரண்டு கொட்டாங்குச்சி, அகலத் தட்டில் இரண்டு அங்குலம் மணல். சிமெண்டுத் தரையில் தட்டினால் அது சாலை, சர்க்கஸ் இல்லை. கூடாரத் துணி காற்றில் அடிப்பதற்குக் கனமான போர்வையை இருவர் பிடித்து மெதுவாக உதறுங்கள். சாட்டைக்கு இடுப்பு பெல்டை மடித்துச் சுண்டலாம். கம்பி முறுகும் சத்தத்துக்குத் தேங்காய் நார்க்கயிற்றை இறுகப் பிடித்து முறுக்கி, மைக்குக்கு அரைச்சாணில் கொண்டு போங்கள். கைதட்டலுக்கு நான்கு பேர் போதும். அறையின் மூன்று இடங்களில் நின்று மூன்று முறை தட்டிப் பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். நால்வரும் ஒரே தாளத்தில் தட்டினால் பஜனை போலாகிவிடும், ஆளுக்கொரு வேகத்தில் தட்டச் சொல்லுங்கள்.

பாண்டு இசைக்கு, உலகமே சர்க்கஸோடு சேர்த்து நினைக்கும் அணிவகுப்பு மெட்டு ஒன்று உண்டு: செக் நாட்டு ஜூலியஸ் ஃபூசிக் 1897-இல் எழுதிய 'என்ட்ரன்ஸ் ஆஃப் தி கிளாடியேட்டர்ஸ்'. அவர் 1916-இல் இறந்தார், ஆகவே மெட்டுக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் அதை வாசித்து யாரோ வெளியிட்ட பதிவுக்கு உரிமை இருக்கலாம், இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஒட்டாதீர்கள். தெரிந்தவர் ஒருவரைக் கீபோர்டில் வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். நிஜ சர்க்கஸில் சினிமாப் பாட்டுதான் ஓடும், ஆனால் அனுமதி இல்லாமல் பத்து நொடிகூட அதைப் பயன்படுத்தக் கூடாது.

மாயம் எப்படிக் கேட்க வேண்டும்

மாயம் வந்ததும் சத்தத்தைக் கூட்டுவதுதான் முதலில் தோன்றும். குறைத்துப் பாருங்கள். காட்சி நடக்கும் நேரமெல்லாம் குரலுக்கு அடியில் ஜெனரேட்டர் உறுமல் மெலிதாக ஓடட்டும், குரலைவிட 18 முதல் 20 டெசிபல் கீழே. அரை நிமிடத்தில் குழந்தையின் காது அதை மறந்துவிடும். அம்மாவின் கால் கம்பியைவிட்டு எழும்பும் அந்த நொடியில் உறுமலை அறவே நிறுத்துங்கள். ஒரு முழு நொடி, அறையின் அமைதி மட்டும். பிறகு கயலின் மூச்சு. பிறகு வரி: "அம்மாவின் கால் கம்பியில் இல்லை." என்ன நின்றது என்று குழந்தைக்குத் தெரியாது, ஏதோ நடந்தது என்று உடம்புக்குத் தெரியும்.

இந்த அமைதியை நூல் முழுவதிலும் நான்கைந்து இடங்களுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். சின்ன மாயங்களுக்கு ஆளுக்கோர் அடையாள ஒலி வையுங்கள். பாட்டியின் நிழலுக்குப் பட்டுப்புடவையை மேசை விளிம்பில் இழுக்கும் சரசரப்பு, முத்துவின் மாயம் வெளிப்படும்போது மெல்லிய கண்ணாடி டம்ளரின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும் கீச்சு. ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்குள், எப்போதும் சொல்லுக்குச் சற்று முன்பாக. சொல்லோடு சேர்ந்து வந்தால் சொல் காதில் விழாது, பின்னால் வந்தால் விளக்கம் போல் இருக்கும். மூன்றாம் அத்தியாயத்துக்குள் சரசரப்பு கேட்டதும் "பாட்டி!" என்று குழந்தை முந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு முறையாவது, பாட்டி இல்லாத இடத்தில் அந்த ஒலி வரட்டும்.

தொகுப்பும் சரிபார்ப்பும்

இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆடாசிட்டி போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இரைச்சல் நீக்கத்தை 6 முதல் 9 டெசிபலோடு நிறுத்துங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கொழகொழக்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் 3-க்கு 1. கடைசியில், உச்சம் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் -3.5 டெசிபல். ஒலிநூல் விற்கும் ஆடிபிளுக்கு நூல் சேர்க்கும் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவுகளை எங்கே வெளியிட்டாலும் பின்பற்றலாம்: சராசரி ஒலி -23 முதல் -18 டெசிபல், உச்சம் -3-க்குள், பின்னணி இரைச்சல் -60-க்குக் கீழ், 192 கிலோபிட் மாறா விகித எம்பி3. கோப்பின் தொடக்கத்தில் அரை முதல் ஒரு நொடி, முடிவில் ஒன்று முதல் ஐந்து நொடி அறை அமைதி.

பின்னணி இரைச்சல் தேறவில்லை என்றால் மறுபடியும் வடிகட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அறைக்குத் திரும்பிப் போய் எது சத்தம் போடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து அறையின் மின்விசிறியாகத்தான் இருக்கும்.

முடிந்த ஒரு மணி நேர ஒலிக்கு ஆறு மணி நேர வேலை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிச் சேர்க்கை அதிகம் என்றால் இன்னும் கூடும். முழு நூலையும் பதிந்து முடிக்கும் முன், முதல் அத்தியாயத்தை மட்டும் தொகுத்து, கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில், மின்விசிறி ஓட, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். வீடுகளில் இப்படித்தான் கேட்பார்கள். பாட்டியின் தாழ்ந்த குரல் விசிறியில் கரைந்தால் அவளை உயர்த்துங்கள், சாட்டைச் சத்தம் தூக்கிப்போட்டால் அதை இறக்குங்கள்.

பிறகு மூன்று நான்கு குழந்தைகளைக் கேட்கவிடுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போது எந்த நிமிடத்தில் நெளிகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இப்போ யார் பேசுனாங்க?" என்று கேளுங்கள். இருவர் தவறாகச் சொன்னால் குரல் பிரிப்பு போதவில்லை, ஒருவர் மட்டும் என்றால் அந்த வரியை மாற்றினால் போதும். திருப்பிச் சொல்லும்போது எல்லோரும் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கும். அதை வெட்டிவிட்டு, மிச்ச அத்தியாயங்களைப் பதியத் தொடங்குங்கள்.